மழை நின்ற மறுநாள் அந்த நிலத்துக்குப் போங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 56. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். முதலில் ரப்பர் பால்வெட்டு, பிறகு லோரி ஓட்டம். பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் வேலையில் இருக்கிறார்கள். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, சின்னதாக ஒரு நிலம் வாங்கிப் பாக்கு மரம் நடலாம் என்று ஆசை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அப்பா ஆறு பாக்கு மரம் வைத்திருந்தார். யாரும் உரம் போட்டதில்லை, குலை குலையாகக் காய்க்கும். தோட்டத்தில் கல்யாணமோ கருமாதியோ, எங்கள் மரத்துப் பாக்குதான் போகும். இப்போது லயத்தை இடித்துவிட்டார்கள், மரங்களும் போய்விட்டன. புரோக்கர் மூன்று இடம் காட்டினார். முதல் இடம், பழைய பால்மரக் காடு, செம்மண் சரிவு, மூன்று ஏக்கர். பன்னிரண்டு ஏக்கர் கெரானில், அதாவது நிலப் பட்டாவில், அது ஒரு பங்கு. இரண்டாவது, சமதரையில் எண்ணெய் எடுக்கிற கிழட்டுச் செம்பனை நிற்கும் இரண்டு ஏக்கர், தனிக் கெரான். மூன்றாவது, ஆற்றோரம் நான்கு ஏக்கர், கறுப்பு மண், விலை மிகவும் மலிவு. தற்காலிக அனுமதி கொடுத்த டி.ஓ.எல். நிலம்தான், ஆனால் இருபது வருஷமாக யாரும் வந்து கேட்டதில்லை என்கிறார். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: அன்புத் தம்பிக்கு வணக்கம்.

உங்கள் அப்பாவின் ஆறு மரங்களிலிருந்தே தொடங்குகிறேன். அந்த மரங்களை மனசில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் நிலம் தேடுகிறீர்கள் என்பது கடிதத்தைப் படித்தவுடன் தெரிந்தது. யாரும் உரம் போட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் என்ன இருந்தது? குளிக்கிற இடம். துணி துவைக்கிற கல். அந்தத் தண்ணீர் ஓடுகிற காண். அதற்கு அப்பால் மாட்டுக் கொட்டகையோ ஆட்டுப் பட்டியோ கோழிக்கூடோ இருந்திருக்கும். உங்கள் அம்மா தினமும் துவைத்து ஊற்றிய தண்ணீரும், அரிசி கழுவிய தண்ணீரும், அடுப்புச் சாம்பலும், சாணமும் வருஷக்கணக்கில் அந்த வேருக்குப் போயின. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் தேங்கி நிற்கவில்லை. மேற்கு வெயிலை லயத்தின் கூரையோ பக்கத்து மரமோ தடுத்திருக்கும். பாக்கு கேட்கும் மூன்றையும் உங்கள் வீடு தெரியாமலே கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால், பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) வீட்டோரம் நாலு மரம் செழிப்பாக நிற்பதைக் காட்டி, "பாருங்க, இந்த ஊர் மண்ணுக்குப் பாக்கு பொன்னா விளையும்" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். வீட்டோர மரத்துக்கும் ஒரு ஏக்கர் தோப்புக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் ஆறு மரத்துக்குக் கிடைத்ததை, நிலத்தில் ஐந்நூறு மரத்துக்கு அந்த நிலமே தர வேண்டும்.

ஐந்நூறு என்று சும்மா சொல்லவில்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பாக்குக்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 2.7 மீட்டருக்கு 2.7 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது அடி. ஒன்பதுக்கு ஒன்பது என்று நட்டால் ஒரு ஏக்கருக்கு 537 குழி விழும். பாதைக்கும் காணுக்கும் விட்டது போக ஐந்நூறு வரும். பத்தடி விட்டால் 435. இந்தக் கணக்கை மனசில் வையுங்கள், தண்ணீர் பற்றிப் பேசும்போது வேண்டும்.

பாக்கு ஒரு விசித்திரமான மரம். தென்னையைப் போல மணலில் சமாளிக்காது, செம்பனையைப் போல மிதித்தாலும் எழுந்து நிற்காது. வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே, இரண்டு மூன்று அடிக்குள்ளேயே பரவிக் கிடக்கும். தண்ணீர் நின்றால் அந்த வேர் மூச்சுத் திணறிப் போகும். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மேல் வேருக்குக் கீழே போய்த் தேடத் தெரியாது. தேங்கவும் கூடாது, காயவும் கூடாது. அதனால்தான் நிலம் பார்க்கப் போகிறவர்களிடம் எல்லாம் நான் ஒன்றையே சொல்கிறேன். நல்ல வெயில் நாளில் புரோக்கர் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிற நிலத்தைப் பார்த்ததாகவே கணக்கில் எடுக்காதீர்கள். பெரிய மழை பெய்து நின்ற மறுநாள் காலை, பூட்ஸ் போட்டுக்கொண்டு தனியாகப் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது, பக்கத்து நிலத்துத் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை நன்றாகப் பிடிக்கும். அந்த மாதங்களில் ஒரு தடவை போங்கள். பிறகு பிப்ரவரியிலோ ஜூலையிலோ, இரண்டு வாரம் மழை இல்லாத சமயம் பார்த்து இன்னொரு தடவை போங்கள். அதே நிலம் அப்போது வேறு கதை சொல்லும்.

போகும்போது சங்கோல் மண்வெட்டியும் பாராங் கத்தியும் கொண்டுபோங்கள். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்ந்த மூலையில் ஒன்று, மூன்று குழி, மூன்று அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். விற்பவர் தடுத்தால் அந்த நிலத்தை விட்டுவிடலாம். வெட்டிய குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் கலந்த பழுப்பு என்று நிறம் கீழே வரைக்கும் ஒரே சீராகப் போனால் அந்த மண்ணுக்குள் காற்று போய் வருகிறது என்று அர்த்தம். ஒன்றரை அடிக்குக் கீழே சாம்பல் நிறமாகி, அதில் துருப்பிடித்த மாதிரி சிவப்புக் கீற்றுகள் தெரிந்தால், வருஷத்தில் சில மாதம் அந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது. நீலம் கலந்த சாம்பலும் அழுகிய முட்டை வாடையும் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, குழியை மூடிவிட்டு வந்துவிடுங்கள். சரளைக்கல் வந்தால் பயப்படாதீர்கள். கையால் உதிர்கிற சரளை கலந்த செம்மண் பாக்குக்குப் பிடித்தமான மண். ஆனால் சங்கோல் பட்டால் கணீர் என்று திருப்பி அடிக்கிற கல்தட்டு இரண்டு அடிக்குள் இருந்தால் வேண்டாம். கடைசியாக ஒரு வேலை. குழியில் தண்ணீர் நிறைய ஊற்றிவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் போகும்போது அது வடிந்திருக்க வேண்டும். நின்றால் அந்த இடத்தில் நடுகிற கன்றும் அப்படித்தான் தண்ணீரில் நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இளம் வயதில் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையைக் கவனித்தபோது, காண் ஓரத்துத் தாழ்வான துண்டில் பாக்குக் கன்று நடச் சொன்னார்கள். மேலே பசேல் என்று இருந்தது. நான் குழி வெட்டிப் பார்க்கவில்லை. முதல் வருஷம் கன்றுகள் நன்றாகத்தான் நின்றன. இரண்டாம் வருஷக் கடைசியில் அடைமழை. இலை நுனி மஞ்சளாகி, குருத்து கையோடு பிடுங்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. அறுபது கன்றுக்கு மேல் போனது. அதே தோட்டத்தில் ஐம்பது கெஜம் தள்ளி, சரிவில் நட்ட கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை ஒன்று, கன்று ஒன்று, உரமும் ஒன்றுதான். தண்ணீர் நின்ற இடம் மட்டும் வேறு.

நிலத்தில் தானாக முளைத்திருக்கும் செடிகளும் சேதி சொல்லும். லாலாங் புல் மூடிக் கிடந்தால் அந்த நிலம் அடிக்கடி எரிந்தது, மேல்மண் இளைத்துப் போனது என்று எடுத்துக்கொள்ளலாம். ஊதாப் பூ பூக்கிற செண்டூடுக்கும், ரெசாம் என்கிற கம்பி மாதிரிச் செடியும் அடர்ந்திருந்தால் மண் புளித்துப்போன மண். சுண்ணாம்பும் எருவும் போட்டு மீட்கலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கோரையும் காட்டுச் சேம்பும் நின்றால் அது தண்ணீர் நிற்கிற இடம், மழைக்காலம் வரை காத்திருக்கவே வேண்டாம்.

பக்கத்தில் பத்து வயதைத் தாண்டிய பாக்கு மரம் ஏதாவது நின்றால், அதன் தண்டையும் பாருங்கள். மட்டை விழுந்த இடத்தில் வளையம் வளையமாகத் தழும்பு இருக்கும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்தச் சமயத்தில் மரம் வளர்ந்த வேகம். வயதானால் மேலே போகப் போக நெருங்கும், அது இயல்பு. ஆனால் நடுத்தண்டிலேயே வளையங்கள் திடீரென்று நெருங்கி, தண்டு இடுங்கி, மறுபடி அகன்றிருந்தால் அந்த மரம் இடையில் பட்டினி கிடந்திருக்கிறது. அந்த இடத்துக்கு வறட்சி வருகிறது அல்லது தண்ணீர் நிற்கிறது.

இனி உங்கள் மூன்று இடங்கள்.

ஆற்றோர நிலத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். டி.ஓ.எல். என்பது தற்காலிகமாக இருந்துகொள்ள அரசாங்கம் கொடுக்கிற அனுமதி, அவ்வளவுதான். தேசிய நிலச் சட்டப்படி அந்த அனுமதி டிசம்பர் 31ஆம் தேதியோடு முடியும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அதாவது விற்பவரிடம் விற்பதற்கே ஒன்றும் இல்லை, தம்பி. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டாலும் அது நில அலுவலகத்தில் செல்லாது. இருபது வருஷமாக யாரும் கேட்காதது, இருபத்தோராவது வருஷம் கேட்க மாட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி அல்ல. கீரையும் மரவள்ளியும் போடுகிறவருக்கு அது போதும், ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார். பாக்கு காய்க்கவே ஐந்தாறு வருஷம் பிடிக்கும், நன்றாகப் பராமரித்தால் நாற்பது வருஷத்துக்கு மேலும் நிற்கும். நாற்பது வருஷத்து மரத்தை ஒரு வருஷத்துக் காகிதத்தின் மேல் நடக் கூடாது. மண்ணும் சரியில்லை. ஆற்றோரக் கறுப்பு மண் என்றால் வெள்ளம் வந்து படிந்த களியாகவோ, செடி மக்கிய பாயா மண்ணாகவோ இருக்கலாம். பாயா மண் காய்ந்தால் இறங்கும், மரம் சாயும். கடலோரப் பக்கங்களில் அப்படிச் சாய்ந்து நிற்கும் செம்பனைகளை நீங்களே லோரி ஓட்டும்போது பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது இடம், செம்பனை நிலம். தனிக் கெரான் இருப்பது பெரிய நிம்மதி. சமதரை என்பதால் வேலை செய்யவும் சுலபம். ஆனால் இதில் ஒரு ஆபத்து மறைந்திருக்கலாம். கிழட்டுச் செம்பனையை அடியிலிருந்து அழிக்கிற ஒரு காளான் இருக்கிறது, கனோடெர்மா என்பார்கள். மரத்தின் அடித்தண்டில் அரைவட்டத் தட்டு மாதிரி, பழுப்பு நிறத்தில், மெருகு போட்டது போல் பளபளப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது வெளியே தெரியும்போது மரம் உள்ளே பாதிக்கு மேல் உளுத்திருக்கும். அந்த நோய் பாக்கையும் பிடிக்கும், இரண்டும் பனைக் குடும்பம்தானே. மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகும் மண்ணில் கிடக்கிற அடிக்கட்டையிலும் வேரிலும் அது பல வருஷம் உயிரோடு இருக்கும், பக்கத்தில் வருகிற புதுக் கன்றின் வேரைத் தொட்டு ஏறும்.

அதனால் அங்கே போய் மரத்தை எண்ணுங்கள். செம்பனையை முக்கோணமாக நடுவார்கள், ஏக்கருக்கு 55 முதல் 60 மரம் வரும். உங்கள் இரண்டு ஏக்கரில் 110க்கு மேல் இருந்திருக்க வேண்டும். இப்போது நூறுக்குக் குறையாமல் நின்றால் நிலம் சுத்தம் என்று ஓரளவு நம்பலாம். எழுபது எண்பதுதான் நின்று, இடையில் வெறும் பள்ளங்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால், அங்கே நின்ற மரங்கள் எதனால் போயின என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நிற்கிற மரங்களின் அடியையும் ஒன்றுவிடாமல் சுற்றிப் பாருங்கள். பத்து மரத்துக்கு ஒன்றில் அந்தத் தட்டுக் காளான் தெரிந்தாலும் நான் வாங்க மாட்டேன். இல்லை என்றால் வாங்கலாம், ஆனால் விலை பேசும்போது கட்டைகளை வேரோடு தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக அரைக்கிற இயந்திரக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய தண்டை அப்படியே குவித்துவிட்டால் கொம்பு வண்டு அதில் முட்டையிடும், பெருகி வந்து உங்கள் கன்றின் குருத்தைத் துளைக்கும். தீ வைத்து எரிக்க சட்டம் இடம் கொடுக்காது.

முதல் இடம், செம்மண் சரிவு. நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் மண்ணுக்கு இதுதான் பொருத்தம். பால்மரம் நின்ற காடு என்பதால் பனைக்கு வருகிற அந்தக் காளான் பயமும் குறைவு. சரிவு என்பதால் தண்ணீர் வடியும். ஆனால் எவ்வளவு சரிவு? நிமிர்ந்து நடந்து ஏற முடிகிறதென்றால் சரி. கையை ஊன்றி ஏற வேண்டும் என்றால் தட்டு வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் மேல்மண் இரண்டு மழைக்காலத்தில் கீழே இருப்பவர் நிலத்துக்குப் போய்விடும். இன்னொன்று, பாக்குக்கு ஏறிக் குலை வெட்டுகிற ஆளை இந்தக் காலத்தில் தேடிப் பிடிப்பதே கஷ்டம். சறுக்குகிற சரிவில் ஐம்பதடி மரத்தில் ஏற அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

தண்ணீர் எடுக்கச் சரிவின் அடியில் ஓடை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மழை இல்லாத வாரங்களில் வளர்ந்த பாக்குக்குச் சொட்டு நீரில் போனாலும் நாளொன்றுக்கு 16 முதல் 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்நூறு மரத்துக்கு 10,000 லிட்டர் வரை. வீட்டில் வைக்கிற ஆயிரம் லிட்டர் நீலத் தொட்டியில் பத்துத் தொட்டி, ஒரு நாளைக்கு, ஒரு ஏக்கருக்கு மட்டும். நம் வட்டாரத்தில் மழை நிறைய என்பதால் வருஷம் முழுக்க இது தேவைப்படாது. ஆனால் தேவைப்படுகிற அந்த ஒன்றரை மாதத்தில் பூக்குலை காய்ந்து விழுந்தால், அடுத்த வருஷக் காய்ப்பு போய்விடும். பிப்ரவரியிலும் வற்றாத ஓடையோ குளமோ நிலத்தின் அடிவாரத்தில் இருந்தால், அதற்காகவே சில ஆயிரம் வெள்ளி கூடக் கொடுக்கலாம்.

வெயிலைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதை யாரும் நிலம் வாங்கும்போது பார்ப்பதில்லை. இளம் பாக்கின் தண்டு பச்சை, தோல் மெல்லிசு. சாயங்கால வெயில் நேராக அடித்தால் அந்தப் பக்கம் மஞ்சளாகி, பழுப்பாகி, பிறகு வெடிக்கும். மரம் சாகாது, காய்க்கவும் செய்யும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு காற்று மழையில் சரியாக அந்த வெடிப்பில்தான் ஒடியும். இந்தியாவில் தென்மேற்கு வெயிலைத் தடுக்கச் சொல்வார்கள். நாமோ நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் இருக்கிறோம், டிசம்பரில் சாயங்கால வெயில் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஜூனில் வடமேற்கிலிருந்து. ஆக மேற்குப் பக்கம் முழுவதும் நிழல் வேண்டும். கிழக்குப் பார்த்த சரிவு என்றால் மலையே மறைத்துக்கொள்ளும். மேற்கு பார்த்த சரிவு என்றால் யோசியுங்கள். "பக்கத்துக் காட்டில் பால்மரம் நிற்குதே ஐயா, நிழல் இருக்கு" என்பீர்கள். அந்தப் பால்மரத்துக்கு என்ன வயது என்று கேட்டீர்களா? இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பக்கத்து நிலத்துக்காரர் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார். நிழலிலேயே வளர்ந்த உங்கள் பாக்குத் தண்டு ஒரே வாரத்தில் முழு வெயிலுக்கு வந்துவிடும். அதனால் உங்கள் எல்லைக்குள்ளேயே மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை மரம் உங்கள் கையால் நட இடம் விட்டு அளந்துகொள்ளுங்கள். முதல் நாலு வருஷத்துக்கு நடுவில் வாழை போதும், நிழலும் தரும், கைச்செலவுக்குக் காசும் தரும்.

ஆனால் முதல் இடத்தின் காகிதம் சிக்கல். பன்னிரண்டு ஏக்கர் கெரானில் மூன்று ஏக்கர் என்றால் நீங்கள் வாங்குவது நிலத்தில் கால் பங்கு. எந்தக் கால் என்று கெரானில் எழுதியிருக்காது. இன்றைக்கு விற்பவர் கையை நீட்டிக் காட்டுகிற துண்டு உங்களுடையது என்பது வாய்ப்பேச்சு மட்டுமே. நாளைக்கு மற்ற பங்காளியின் மகன் வந்து, "அந்தப் பக்கம் எங்களுடையது" என்றால், உங்கள் பெயர் கெரானில் இருந்தும் உங்கள் மரம் உங்களுடையதாக இருக்காது. பிரித்துத் தனிக் கெரான் எடுக்கலாம். விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மூன்று ஏக்கருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும், நில அளவையாளர் வேண்டும், பாதை விட வேண்டும். இதையெல்லாம் விற்பவர் தன் செலவில் முடித்துக் கொடுத்த பிறகு முழுப் பணம் என்று வக்கீல் மூலம் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், வாங்காமல் பத்துப் பதினைந்து வருஷக் குத்தகைக்கு எடுக்கலாமே என்று தோன்றும். அதுவும் நில அலுவலகத்தில் பதிவு செய்த குத்தகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றோர நிலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

எந்த இடமானாலும் சரி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பு நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, அந்தக் கெரானின் தேடல் பிரதியை உங்கள் கையால் வாங்கிப் படியுங்கள். புரோக்கர் காட்டுகிற நகல் போதாது. அதில் 'ஷாராட் ஞாத்தா' என்று ஒரு வரி இருக்கும். அது அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்கிற நிபந்தனை. பழைய பால்மர நிலங்களில் 'கெத்தா', அதாவது ரப்பர், என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் பாக்கு நடுவதற்கு முன் நிபந்தனையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்திலேயே 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற வரி, விற்கவோ அடமானம் வைக்கவோ மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்று சொல்லும். மலாய்க்காரர்களுக்கு என்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா என்றும் பாருங்கள். கோலகங்சார் மாவட்டத்தில் அப்படிப்பட்ட நிலம் உண்டு, அது நம் பெயருக்கு மாறாது. யாராவது வேறு பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கேவியட் என்கிற தடை போட்டிருக்கிறதா, வங்கிக்கு அடமானமா, நிலவரி பாக்கி எவ்வளவு, எல்லாம் அதே தாளில் தெரியும். நாளைக்கு வேறு புரோக்கர் வந்து, பெரிய தோட்டத்தையே துண்டு போட்டு விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 40 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி சட்டப்படி தேவை. அந்த அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

காகிதத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் நம்மவர்கள் மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு அடிக்கும் காகிதம் இல்லாமல் வெளியேறினார்கள். உங்கள் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தாங்களே தோட்டம் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் லயத்தையும் இடித்தார்கள், உங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் அப்படி ஆக நான் விட மாட்டேன்.

வேறு யாராவது ஈயம் எடுக்க லம்பம் (சுரங்கம்) தோண்டிய பழைய நிலத்தைக் காட்டினால் அதையும் தவிருங்கள். கிந்தா பக்கம் அது மலிவாகக் கிடைக்கும். ஆனால் அலசிப் போட்ட வெறும் மணல், ஊற்றுகிற தண்ணீரும் உரமும் நேராகக் கீழே போய்விடும். காட்டோரம் என்றால் யானை, பன்றி வரும் வழியா என்று பக்கத்துக் கம்பத்தில் கேளுங்கள். கன்றைப் பிடுங்கிப் போட ஒரு இரவு போதும்.

விற்பனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பூஜைக் கடைகள், கோயில்கள், கல்யாணத் தாம்பூலம், மலாய்க்காரர்களின் திருமணத்தில் வைக்கும் வெற்றிலைத் தட்டு, இவைதான் நம்மைச் சுற்றி நிச்சயமாக இருக்கிற சந்தை, அது சின்னச் சந்தை. இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி நிலம் வாங்காதீர்கள். அங்கே தங்கள் விவசாயிகளைக் காக்க இறக்குமதிப் பாக்குக்குக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். 2018இல் கிலோவுக்கு 251 ரூபாயாக இருந்ததை 2023இல் 351 ஆக்கினார்கள். அதைவிட மலிவாக உள்ளே விட மாட்டார்கள். நிலம் வாங்குவதற்கு முன் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் நாலு கடைக்காரர்களிடம் போய், பச்சைப் பாக்கு எவ்வளவு எடுப்பீர்கள், காய்ந்தது எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் நிலத்தின் அளவை அந்தத் தாள் முடிவு செய்யட்டும். இன்னொன்றையும் மனசாட்சிப்படி சொல்கிறேன். பாக்கு மெல்லுவது வாய்ப் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காவிட்டாலும் சேர்த்தாலும். சபைக்கும் சாமிக்கும் விளைவியுங்கள். தினமும் மெல்லுகிற பழக்கம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆக, என் முடிவு இது. ஆற்றோரம் வேண்டவே வேண்டாம். செம்மண் சரிவைத் தனிக் கெரானாகப் பிரித்துத் தர ஒத்துக்கொண்டால் அதையே பிடியுங்கள், ஓடை இருந்தால் தயங்காதீர்கள். அவர்கள் இழுத்தடித்தால், மரத்தை எண்ணிப் பார்த்து, காளான் இல்லை என்று தெரிந்த பிறகு, செம்பனை நிலத்துக்குப் போங்கள். எதை வாங்கினாலும் முதல் வருஷம் ஒரு ஏக்கர் மட்டும் நடுங்கள். உங்களுக்கு 56 வயது, காய் பார்க்கும்போது 62 ஆகும். சேமநிதி முழுவதையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டு ஆறு வருஷம் காத்திருக்கக் கூடாது. மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கணக்கைக் காட்டிப் பேசிவிட்டுச் செய்யுங்கள், நாளைக்கு அந்தக் கெரான் அவர்கள் பெயருக்குப் போக வேண்டியது.

கன்றுக்குக் கடையைத் தேடுவதற்கு முன் இன்னொன்று செய்து பாருங்கள். லயத்தை விட்டுப் போனவர்களில் யாராவது உங்கள் அப்பாவின் மரத்திலிருந்து விழுந்த காயை எடுத்துப் போய்த் தங்கள் வீட்டில் நட்டிருப்பார்கள், நம் சனத்துக்கு அது வழக்கம். விசாரித்துக் கண்டுபிடியுங்கள். அந்த மரத்துக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருந்து, வருஷா வருஷம் ஒழுங்காகக் காய்த்தால், நன்றாகப் பழுத்த குலையிலிருந்து கனமான காய்களாகப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். படுத்து மிதக்கிற காயை விட்டுவிட்டு, காம்புப் பக்கம் மேலே பார்க்க நேராக மிதக்கிற காயை மட்டும் எடுத்து வையுங்கள். அதுதான் வலுவான கன்றாக வரும்.